காற்று அடிக்க மாட்டேன் என்றார்கள்

"சிஸ்டர், இனிமே இந்த வண்டியை இங்கன கொண்டு வராதீக."

சைக்கிள் கடைக்காரர் இதைச் சொன்னபோது என் பின் சக்கரத்தில் காற்று சுத்தமாக இல்லை. மத்தியான வெயில். வெம்பக்கோட்டைச் சாலையில் முள் ஏறி, அங்கிருந்து திருத்தங்கல் வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்திருந்தேன். புடவை முதுகில் ஒட்டிக்கிடந்தது.

"பஞ்சர்தானே அண்ணாச்சி, ஒட்டிக் குடுங்க" என்றேன்.

"ஒட்ட மாட்டேன். காத்தும் அடிக்க மாட்டேன். என்னைய ஒண்ணும் கேக்காதீக" என்று சொல்லிவிட்டு, கடைக்குள்ளே போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

காரணத்தை அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். அவருடைய கடை, அந்த வரிசையில் இருந்த டீக்கடை, தையல்கடை எல்லாமே ஒரு பட்டாசு முதலாளியின் கட்டடத்தில் இருந்தன. அந்த முதலாளிக்கு என்மேல் கோபம்.

நான் அப்போது தாய்சேய் நல நர்ஸ். ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் தொடங்கியிருந்த நேரம். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பதும் பிரசவம் பார்ப்பதும் என் வேலை. பஸ் காலையில் ஒன்று போகும், சாயங்காலம் ஒன்று வரும். நடுவில் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் நடைதான். அதனால்தான் என்னோடு நர்சிங் படித்தவள் கல்யாணமாகி வெளியூர் போனபோது அவளுடைய லேடீஸ் சைக்கிளை வாங்கிக்கொண்டேன். பயிற்சிக் காலத்திலேயே விடுதி மைதானத்தில் ஓட்டப் பழகியிருந்தேன். கறுப்பு வண்டி. புடவை சிக்காமல் இருக்கப் பின் சக்கரத்துக்கு மேலே இரண்டு பக்கமும் வலை கட்டியிருக்கும்.

முதலாளியின் கோபம் இப்படி வந்தது. அவருடைய ஆலையில் வெடிமருந்து கலக்குகிற கொட்டகையில் ஒரு பெண் வேலை பார்த்தாள். நிறைமாதம். கால் இரண்டும் வீங்கி, அலுமினியப் பொடி படிந்து, வெள்ளிக் கொலுசு போட்ட மாதிரி முழங்கால் வரை மின்னும். "பிள்ளை பெறுகிற வரைக்கும் அந்தக் கொட்டகைப் பக்கம் போகக் கூடாது" என்று அவளிடம் சொன்னேன். அவள் போகவில்லை. அவளைப் பார்த்து, வயிற்றில் பிள்ளையோடு இருந்த மற்றப் பெண்களும் போகவில்லை. தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து கிடக்கிறது, லோடு ஏற்ற லாரி வாசலில் நிற்கிறது. "சீசன் நேரத்துல அந்த நர்சு ஆளைக் கெடுக்கா. அவ சைக்கிள் ஓடினாத்தானே ஊர் ஊராப் போவா?" என்று அவர் சொன்னதாக டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அவர் சொன்ன பிறகு அந்தத் தெருவில் எந்தக் கடைக்காரரும் என் வண்டியைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வண்டியை முற்றத்துச் சுவரில் சாய்த்தேன். அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அப்பா காலமான பிறகு தெருவில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள்.

"என்னட்டி, வண்டியைத் தள்ளிக்கிட்டு வர்றே?"

சொன்னேன்.

அம்மா மெஷினை நிறுத்தினாள். "வித்துப் போட்டுட்டு பஸ்ஸுல போ. பெரிய ஆளுகளோட நமக்கு எதுக்கு?"

"விக்க மாட்டேன்."

"பின்னே எப்படி ஓட்டுவே?"

"நானே பஞ்சர் ஒட்டுறேன்."

அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கேலி இல்லை, பயத்தில் வருகிற சிரிப்பு. "ஏட்டி, அது பொம்பளை செய்ற வேலையா?" என்றாள்.

"பிள்ளைத் தலை மாறிக் கிடந்தா கையை விட்டுத் திருப்புறேன். ஒரு டயரைக் கழட்ட முடியாதா எனக்கு?" என்றேன். சொல்லும்போது வீராப்பாகத்தான் இருந்தது. டயருக்குள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு ஒன்றும் தெரியாது.

மறுநாள் விருதுநகர் போனேன். பஜாரில் சைக்கிள் சாமான் விற்கிற கடை ஒன்று இருந்தது. தலையில் வெள்ளைத் தொப்பி போட்ட பாய் ஒருவர் நடத்தினார். பஞ்சர் ஒட்டும் ரப்பர், சொல்யூஷன், உப்புத்தாள், ஸ்பேனர், கையால் அடிக்கும் பம்பு என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, "வீட்டுல யாருக்கும்மா?" என்றார்.

"எனக்குத்தான் பாய்."

அவர் ஸ்பேனரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "இது கனமானது. கை நோகும். இந்தாங்க" என்று வேறொன்றை வைத்தார். அதற்குமேல் ஒரு கேள்வியும் இல்லை. அந்த வாரத்தில் என்னை வித்தியாசமாகப் பார்க்காத ஒரே ஆள் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் முற்றத்தில் சாக்கை விரித்தேன். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீட்டும் ஹேண்டில்பாரும் சாக்கில் படும்படி நிறுத்தினேன். ரிம்மிலிருந்து டயரை நெம்புவதற்கு இரண்டு கரண்டிக் காம்புகள். உள்ளே இருந்த டியூபை உருவி, காற்று அடித்து, தண்ணீர்ச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில் முத்து முத்தாகக் குமிழி வந்தது. சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். அந்த இடத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, உடனே ரப்பரை ஒட்டி, டயரை மாட்டிக் காற்று அடித்தேன். வண்டி நிமிர்ந்து நின்றது. அம்மாகூட எட்டிப் பார்த்து, "பரவாயில்லையே" என்றாள்.

அரை மணி நேரத்தில் டயர் உட்கார்ந்துவிட்டது.

மறுபடியும் கழற்றினேன். ஒட்டின ரப்பர் தோசை மாதிரி உரிந்து வந்தது. சொல்யூஷன் ஈரமாக இருக்கும்போதே ஒட்டிவிட்டேன் என்பது அப்போதுதான் புரிந்தது. தடவியதும் விட்டுவிட வேண்டும். விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டுமே தவிர ஈரம் இருக்கக் கூடாது. அப்படியே செய்தேன். இந்தத் தடவை ரப்பர் ஒட்டிக்கொண்டது. ஆனால் திங்கட்கிழமை காலையில் டயர் மறுபடியும் தரையோடு தரையாகக் கிடந்தது. வேறு இடத்தில் புதிதாக ஓர் ஓட்டை. டயரின் உள்பக்கம் விரலை வைத்துத் தடவிக்கொண்டே போனேன். விரலில் சுருக்கென்றது. கருவேல முள்ளின் முனை டயருக்குள்ளேயே முறிந்து நின்றுகொண்டிருக்கிறது. டியூபை மட்டும் வைத்தியம் பார்த்துவிட்டு, குத்தினதை உள்ளேயே விட்டு மூடியிருக்கிறேன்! ஒரு நர்ஸ் செய்கிற காரியமா இது? என் பிரசவப் பெட்டியிலிருந்த இடுக்கியை எடுத்து அந்த முள்ளைப் பிடுங்கினேன். பிரசவத்தில்கூட அவ்வளவு ஆத்திரமாக எதையும் நான் பிடித்து இழுத்ததில்லை.

புது ஓட்டையையும் ஒட்டிவிட்டு, அன்றைக்கு வேலைக்குச் சைக்கிளில் போனேன். கடைத்தெரு வழியாகத்தான் போனேன். சுற்றுவழி இருந்தது. அதில் போகவில்லை. மணியையும் அடித்துக்கொண்டே போனேன்.

பஞ்சர் ஒட்டத் தெரிந்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். செங்காட்டுப் புழுதியில் ஓடுகிற வண்டிக்கு அது போதாது. சங்கிலி கரகரத்தது. மண்ணெண்ணெயில் பழைய துணியை நனைத்துத் துடைத்து, தேங்காய் எண்ணெய் விட்டேன். கொஞ்ச நாளில் அது பிசினாகிப் புழுதியைப் பிடித்து, முன்பைவிட மோசமாகிவிட்டது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு, தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். "ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு சொட்டு. மேலே வழியறதைத் துடைச்சிரு. மெஷினுக்கு நான் அப்படித்தான் செய்றேன்" என்றாள். அம்மா சைக்கிளின் பக்கம் வந்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு அவளை அப்பால் அனுப்ப முடியவில்லை.

சங்கிலி தொய்ந்தபோது பின் சக்கரத்தைத் தளர்த்திக் கொஞ்சம் பின்னால் இழுத்து முடுக்கினேன். ஒரு பக்கம் கூடுதலாக இழுத்துவிட்டால் சக்கரம் சட்டத்தில் உரசும். அதையும் உரசவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ரிம் கோணியபோது சக்கரத்தைச் சுழலவிட்டு, பிரேக் கட்டையில் எங்கே உரசுகிறது என்று பார்த்து, எதிர்ப்பக்க ஆரக்கம்பியைக் கால் திருகு, அரைத் திருகு என்று முடுக்கினேன். இதில்தான் அதிகம் அழுதிருக்கிறேன். ஒரு கோட்டத்தை எடுத்தால் இன்னொரு கோட்டம் வரும்.

முழுசாகக் கழற்றி ஓவராயில் செய்த அன்று ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, பிரசவத்துக்குச் சாமான் எடுத்து வைப்பதைப் போல, கழற்றின வரிசையிலேயே ஒவ்வொன்றையும் வைத்தேன். மாட்டும்போது கடைசியில் இருந்து எடுத்தால் போதும். சக்கரத்தின் நடுவில் இருக்கிற இரும்புக் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவித் தட்டில் வைத்திருந்தேன். தட்டு சாய்ந்து குண்டுகள் முற்றமெல்லாம் ஓடின. நாங்கள் பொறுக்குவதற்குள் எங்கள் கோழி ஒன்றைக் கொத்தி விழுங்கிவிட்டது.

"ஏட்டி, கோழி முழுங்கிருச்சு!" என்று அம்மா அலறினாள்.

"சும்மா இரும்மா. எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு."

"நான் கோழியை நெனச்சுச் சொன்னேன்."

இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தோம். கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. கிரீஸ் வைத்து, குண்டுகளைப் பதித்து, ஆட்டம் இல்லாமலும் இறுக்கம் இல்லாமலும் திருகி மாட்டினேன். விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடைக்காரர் கையில் இருந்தவரை என் வண்டி ஒருநாளும் இப்படிச் சுற்றியதில்லை.

தெரு சும்மா இருக்குமா? கதவு திறந்திருந்தால் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். "நர்சம்மா, லாரி ரிப்பேரும் பார்ப்பீகளா?" என்று ஒருவர் கேட்டார். "கொண்டாங்க, பார்ப்போம்" என்றேன். இன்னொருவர் அம்மாவிடம், "வயசுப் பிள்ளை கையெல்லாம் கரி. யாரு வந்து கட்டுவா?" என்றார். முன்பு என்றால் அம்மா இதற்கு ஒரு வாரம் அழுதிருப்பாள். அன்றைக்குக் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்குப் போய், "கரி சோப்புப் போட்டாப் போயிரும். உம்ம வாயி எதைப் போட்டாப் போகும்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவர் எங்கள் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார்.

வண்டி நிற்காததால் நானும் நிற்கவில்லை. கர்ப்பிணிகளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்.

தினமும் கிளம்புவதற்கு முன்னால் வண்டியை ஒரு சுற்றுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டிருந்தது. டயரை அமுக்கிப் பார்ப்பேன், பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பேன், நட்டுகளை விரலால் தொட்டுக்கொண்டு போவேன். ஒருநாள் காலை பிரேக்கைப் பிடித்தேன். பிடி தொளதொளவென்று கைக்குள் வந்துவிட்டது. குனிந்து பார்த்தால், பின் பிரேக் கம்பியைக் கட்டையோடு சேர்க்கிற நட்டைக் காணோம். முன் பிரேக்கில் நட்டு ஒரு மரையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் கடைசியாக வண்டியை நிறுத்தியது அந்த ஆலைக்குப் பக்கத்துக் குடியிருப்பில். அங்கிருந்து வீட்டுக்கு வரும் வழி முழுக்க மேடும் சமதரையும்தான். பிரேக்குக்கு வேலை இருக்கவில்லை. காலையில் நான் போக வேண்டியது வெம்பக்கோட்டை ஆற்றங்கரைப் பக்கம். அங்கே சரிவு, சரிவின் முடிவில் கல் அடுக்கு.

அம்மாவிடம் சொல்லவில்லை. பெட்டியில் இருந்த உதிரி நட்டைப் போட்டு, முன் பிரேக் நட்டையும் முடுக்கி, இரண்டுக்கும் மேலே இன்னொரு நட்டை இறுக்கிப் பூட்டினேன். ஆற்றங்கரைக்குப் போனேன். அந்தச் சரிவில் இறங்கினேன். பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. வேலையை முடித்துவிட்டுத் திரும்பும்போது நேரே ஆலை வாசலுக்குப் போனேன்.

இரும்போடு இரும்பு உரசக் கூடாத இடம் அது. சைக்கிளைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போனேன். முதலாளியின் கார் அப்போதுதான் வெளியே வந்தது. சாப்பாட்டு நேரமாதலால் பெண்கள் மரத்தடியில் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தார்கள். நான் காருக்கு முன்னால் போய் நின்றேன்.

அவர் கண்ணாடியை இறக்கினார். "என்ன நர்சம்மா, இங்கன நிக்கீக?"

"முதலாளி, நேத்து என் சைக்கிள் பிரேக்கை யாரோ கழட்டிவிட்டிருக்காக. யாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேண்டாம்."

"அதை எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றீக?"

"உங்ககிட்ட நாலு பேர் வந்து போவாக. அவுககிட்ட சொல்லி வையுங்க. நான் தினமும் காலையில என் வண்டியைப் பார்த்துட்டுத்தான் ஏறுவேன். எதைக் கழட்டினாலும் மாட்டத் தெரியும். காத்தைப் பிடுங்கினா அடிக்கத் தெரியும். முள்ளைப் போட்டா எடுக்கத் தெரியும். வீணா அவுக கையைக் கரியாக்கிக்க வேண்டாம்."

அவர் பெண்கள் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான் சாலைக்கு வந்து சைக்கிளில் ஏறி மிதித்தேன்.

அடுத்து மேலிடத்துக்குப் புகார் போனது. நர்ஸ் தெருவில் உட்கார்ந்து சைக்கிள் ரிப்பேர் செய்கிறாள், உடையும் கையும் அழுக்கு, சர்க்கார் உத்தியோகத்துக்கே அவமானம் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். விசாரிக்க வேண்டும், வா என்று விருதுநகரில் இருந்த டாக்டரம்மா ஆள் அனுப்பினார். எனக்கு மேலதிகாரி அவர். பஸ்ஸில் போயிருக்கலாம். ரயிலும் இருந்தது. விடிந்ததும் கிளம்பி சைக்கிளில் போனேன்.

டாக்டரம்மா கண்டிப்பானவர். நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை. "கையைக் காட்டு" என்றார்.

காட்டினேன். நகம் ஒட்ட வெட்டியிருந்தது. கழுவிச் சுத்தமாக இருந்தது. ஆனால் விரல் ரேகைகளில் கிரீஸின் கறுப்பு மெல்லிய கோடாக ஓடிக்கொண்டிருந்தது. அது போகாது. நானும் அதைப் போக்கப் பெரிதாகப் பாடுபடவில்லை.

"இந்தக் கையோடு பிரசவம் பார்க்கிறாயா?"

"முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவி, லோஷனில் நனைத்துத்தான் தொடுகிறேன் அம்மா. என் பகுதியில் பிரசவத்துக்குப் பிறகு யாருக்காவது காய்ச்சல் கண்டதா என்று விசாரித்துப் பாருங்கள். சைக்கிள் வேலை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டில், என் சாமானில். கடைக்காரர்கள் தொட மாட்டேன் என்கிறார்கள். வண்டி ஓடவில்லை என்றால் நான் ஊர்களுக்குப் போக முடியாது. நான் போகக் கூடாது என்பதற்காகத்தான் தொட மாட்டேன் என்கிறார்கள்."

"ஏன் போகக் கூடாது?"

மருந்துக் கொட்டகையில் நிறைமாதக்காரிகள் உட்கார்ந்திருப்பதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். புகாரில் இது ஒன்றும் இல்லையே என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய், கீழே நின்ற என் சைக்கிளைப் பார்த்தார்.

"அங்கிருந்து இதிலேயா வந்தே?"

"ஆமாம் அம்மா."

"சரி. போய் வேலையைப் பார். நான் ஒருநாள் அந்தப் பக்கம் வருகிறேன்."

சொன்னபடி வந்தார், ஜீப்பில். ஆலைக்குள்ளே போய் அரைநாள் இருந்தார். என்ன பேசினாரோ, என்னிடம் சொல்லவில்லை. அதன் பிறகு வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்களை மருந்துக் கொட்டகையில் உட்கார வைப்பதை அந்த ஆலையில் நிறுத்தினார்கள். பெட்டி ஒட்டுகிற வேலையை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். எல்லா ஆலையிலும் அப்படி நடந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். நடக்கவில்லை. மற்ற ஆலைகளுக்காக நான் இன்னும் பல வருஷம் மிதிக்க வேண்டியிருந்தது. முதலாளி கடைசிவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் அதில் குறை இல்லை.

தைப்பொங்கல் கழிந்து சைக்கிள் கடைக்காரர் ஒருநாள் என்னை வழிமறித்தார். "சிஸ்டர், இனிமே வண்டியைக் கொண்டாங்க. அன்னைக்கு என் நெலமை அப்படி. கூலிகூட வேண்டாம்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளைகுட்டிக்காரர், வாடகைக் கடை. ஆனாலும், "வேண்டாம் அண்ணாச்சி. என் வண்டிக்கு என் கைதான் ஒத்துக்கிட்டிருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் சைக்கிள் தள்ளி வருகிற சத்தம் கேட்டது. அச்சங்குளத்துப் பக்கம் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி, அவள் புருஷனுடைய பெரிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிற்கிறாள். சங்கிலி கழன்று தொங்குகிறது. அவர் ஊரில் இல்லையாம். அவள் யாருக்கும் தெரியாமல் ஓட்டிப் பழகிக்கொண்டிருக்கிறாளாம்.

"நர்சம்மா, இதைக் கொஞ்சம் மாட்டிக் குடுங்க. அவுக வர்றதுக்குள்ள…"

நான் சாக்கை விரித்து, ஸ்பேனரை எடுத்தேன். வண்டியைக் கவிழ்க்கக் குனிந்தேன். அவள் சட்டென்று என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க செஞ்சா அடுத்த தடவையும் இங்கனதான வரணும்? நான் செய்றேன். தப்பாச் செஞ்சாச் சொல்லுங்க" என்றாள்.

அம்மா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். "புடவையை இழுத்துச் செருகுட்டி, கிரீஸ் ஆயிரும்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, தெருக்கதவை விரியத் திறந்துவைத்தாள்.